வாரமும் குத்தகையும்: இலக்குச் செலவு ஒப்பந்தம் நமக்கு ஒத்து வருமா?



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. வீடு கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். என் அம்மா சித்தாள். என் மாமா மேஸ்திரி. வடக்கனந்தலில் எங்கள் தெருவில் நிற்கிற பாதி வீடுகளுக்கு அம்மா தலையில் கலவை ஏறியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி வகுப்பில் படித்தது, மீதி வீட்டில் பார்த்தது. இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை போடாமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கதை. 2017-இல் நான் நாலாவது படித்துக் கொண்டிருந்தேன். மாமா பக்கத்து ஊரில் ஒரு வீட்டைச் சதுர அடி கணக்கில் பேசி எடுத்தார். 800 சதுர அடி. பொருளோடு சேர்த்துச் சதுர அடி 1,450 ரூபாய். மொத்தம் 11,60,000. வெற்றிலை பாக்கு மாற்றி, வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டாகி விட்டது.

கடைக்கால் தோண்டும்போது வடமேற்கு மூலையில் மண் உள்வாங்கியது. பார்த்தால் தூர்ந்து போன பழைய கிணறு! வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர் அப்பா காலத்தில் மூடியதாம். அந்த மூலையை மட்டும் ஆழத் தோண்டி, கல் போட்டு நிரப்பி, பெல்ட் கான்கிரீட் கனமாகப் போட வேண்டியதாயிற்று. அது முடிவதற்குள் தமிழ்நாடு முழுக்க ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு லோடு மணலுக்கு நாலு நாள் காத்திருக்க வேண்டும். வந்தாலும் விலை எங்கேயோ போய்விட்டது.

மாமா வீட்டுக்காரரிடம் போய் நின்றார். "பேசினது பேசினதுதான் மேஸ்திரி. மணல் விலை குறைஞ்சிருந்தா எனக்குத் திருப்பித் தந்திருப்பியா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதானே! மாமாவிடம் பதில் இல்லை. அத்தையின் தோடும் செயினும் அடகுக் கடைக்குப் போயின. கடைசியில் செலவு 12,70,000. மாமா தன் கூலியைக் கணக்கில் சேர்க்காமலே 1,10,000 நஷ்டம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கையில் காசு தீர்ந்தபோது மாமா என்ன செய்தார் தெரியுமா? பூச்சு வேலையில் ஒன்றுக்கு ஆறு போட வேண்டிய சிமெண்டை ஒன்றுக்கு ஒன்பதாக்கினார். ஏழு நாள் தண்ணீர் விட வேண்டிய இடத்தில் மூன்று நாளோடு நிறுத்தினார். இதை எனக்குச் சொன்னது, அந்தக் கலவையைச் சுமந்த என் அம்மா. "தப்புன்னு தெரியும்டா. ஆனா என் தம்பி ராத்திரியெல்லாம் தூங்கல" என்று அம்மா சொல்லுச்சு. இரண்டே வருடத்தில் அந்த வீட்டுச் சுவரில் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. மாமாவும் தோற்றார், வீட்டுக்காரரும் தோற்றார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அப்படியானால் கெட்டது எது? அந்த வெள்ளைத்தாளில் எழுதிய ஏற்பாடு என்பதே என் கருத்து.

மூன்று வழிகள்

வயல்காட்டை நினைத்துப் பாருங்கள். நம் கோமுகி ஆற்றுப் பாசனத்தில் ஒருவன் மூன்று விதமாக உழலாம். ஒன்று கூலி. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அன்றைய சம்பளம் உண்டு. விளைச்சல் அவன் கவலை இல்லை. இரண்டாவது குத்தகை. மழை பெய்தாலும் பொய்த்தாலும் இத்தனை மூட்டை அளந்துவிட வேண்டும். காய்ந்தால் உழுதவன் தலையில் விழும். மூன்றாவது வாரம். விளைந்ததில் இருவருக்கும் பங்கு. நல்ல வருடத்தில் இருவரும் சிரிப்பார்கள், பஞ்சத்தில் இருவரும் வயிற்றைக் கட்டுவார்கள்.

கட்டட வேலையிலும் இதேதான். தினக்கூலிக்கு ஆள் வைத்துக் கட்டுவது கூலி முறை. செலவு எவ்வளவு ஆனாலும் சொந்தக்காரருக்கு. வேலையை இழுத்தால் மேஸ்திரிக்கு லாபம்! சதுர அடி காண்ட்ராக்ட், லம்ப்சம் ஒப்பந்தம் எல்லாம் குத்தகை முறை. மண்ணுக்குள் என்ன இருந்தாலும், சந்தையில் என்ன நடந்தாலும் எடுத்தவன் பாடு. பெரிய அரசு வேலைகளில் சிமெண்ட், கம்பி விலை ஏறினால் ஈடுகட்ட ஒப்பந்தத்திலேயே பிரிவு வைப்பார்கள். மாமா மாதிரி மேஸ்திரியின் வெள்ளைத்தாளில் அதெல்லாம் ஏது?

வார முறைக்குக் கட்டட உலகில் உள்ள பெயர்தான் இலக்குச் செலவு ஒப்பந்தம். வேலை தொடங்கும் முன் இருவரும் உட்கார்ந்து ஓர் இலக்குத் தொகையைப் பேசி முடிக்கிறார்கள். பிறகு உண்மையில் ஆகிற செலவை ரசீது பார்த்துச் சொந்தக்காரர் கொடுக்கிறார். காண்ட்ராக்டருக்குத் தனியாக ஒரு கூலித்தொகை உண்டு. முடிவில் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு சிறுபாலத்துக்கு இலக்கு 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 36 லட்சத்தில் முடிந்தால் மிச்சம் 4 லட்சம். பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 2 லட்சம். 44 லட்சம் ஆகிவிட்டால் கூடுதல் 4 லட்சத்தில் ஆளுக்கு 2 லட்சம் சுமை. அவ்வளவுதான்! மிச்சப்படுத்தினால் இருவருக்கும் நன்மை என்பதால், ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் குறைகிறது.

கடல் கடந்த பாடம்

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலுக்கடியில் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்துக்கு 1986-இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் சுரங்கம் தோண்டும் வேலை இலக்குச் செலவு முறை. பூமிக்கடியில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சுரங்கத்துக்குள் பொருத்தும் கருவிகளுக்கோ லம்ப்சம் முறை. குளிரூட்டும் அமைப்புக்கு யார் எவ்வளவு தருவது என்று வந்த தகராறு 1993-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நீதிமன்றம் வரை ஏறியது. ஒரே சுரங்கம், இரண்டு வகை ஒப்பந்தம்! அதற்காக இலக்குச் செலவு முறையில் எல்லாம் சுபம் என்றும் சொல்லிவிட முடியாது. தோண்டும் செலவும் இலக்கைத் தாண்டியது. 1994-இல் திறந்தபோது மொத்தச் செலவு முதலில் போட்ட கணக்கைவிட ஏறக்குறைய 80 சதவீதம் கூடிப் போயிருந்தது. இலக்கே தப்பாக வைத்தால் எந்த முறையும் காப்பாற்றாது.

அதே இங்கிலாந்தில் 1993-இல் என்.இ.சி. என்ற புதிய மாதிரி ஒப்பந்தப் புத்தகம் வந்தது. அதில் 'சி' பிரிவு இலக்குச் செலவு முறைக்கென்றே எழுதப்பட்டது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாவது முனையத்தில், சுமார் 430 கோடி பவுண்டு வேலையில், எதிர்பாராத நஷ்டத்தை நானே தாங்குகிறேன் என்று சொந்தக்கார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தக்காரர்களுக்கு உண்மைச் செலவும், மிச்சத்தில் பங்கும் கிடைத்தன. கட்டடம் சொன்ன செலவில், சொன்ன நேரத்தில் முடிந்து 2008 மார்ச்சில் திறந்தது. திறந்த அன்று பயணிகளின் பெட்டிகள் குழம்பிப் போனது வேறு கதை!

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஹாங்காங். அங்கே அரசின் வடிகால் துறை, ஃபுக் மான் சாலை ஓடையைச் சீரமைக்கும் வேலையை 2009-இல் இதே 'சி' பிரிவில் சோதனையாகக் கொடுத்தது. குறித்த காலத்துக்கு முன்பே வேலை முடிந்தது. விமான நிலையம் இல்லை, ஓடை! நம் ஊரில் ஓடை இல்லையா?

எங்கள் வீட்டுப் பரீட்சை

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. 360 சதுர அடி, அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். மீதி நம் கைப்பணம். கட்டப் போவது மாமாதான். எனக்குப் பழைய கதை மனதில் ஓடியது. "மாமா, சதுர அடி வேணாம். வாரத்துக்குப் பேசுவோம்" என்றேன். "என்னாடா மாப்ளே, வீட்டுக்கு ஏதுடா வாரம்?" என்று சிரித்தார். விளக்கினேன். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் வாரத்துக்கு உழுகிறவர்.

நானும் மாமாவும் மூன்று ராத்திரி உட்கார்ந்து அளவு போட்டோம். செங்கல், எம்-சாண்ட், கம்பி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து இலக்கு 4,90,000. மாமாவின் மேஸ்திரிக் கூலி தனியாக 30,000. மிச்சமோ நஷ்டமோ பாதிப் பாதி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். ரசீது வந்த அன்றே எழுத வேண்டும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

முதல் தகராறு அம்மாவால் வந்தது! எங்கள் வீட்டு வேலைக்கு அம்மாவே சித்தாளாக நின்றது. சொந்த வீட்டுக்குச் செய்கிற வேலைக்குக் கூலி எழுதுவானேன் என்று நான் விட்டுவிட்டேன். மாமா நோட்டைப் பார்த்துவிட்டுக் கோபித்தார். "அக்கா வேலை செஞ்சா அது செலவு இல்லையா? வேற ஆள் வெச்சிருந்தா எழுதியிருப்பியா, மாட்டியா?" எழுதினேன். மூன்று வருடம் எஸ்டிமேட் படித்தவனுக்கு அன்றைக்குத்தான் எஸ்டிமேட் என்றால் என்னவென்று புரிந்தது.

இரண்டாவது, நடுவில் அம்மா பரணும் வாசல் படியும் கேட்டது. அது முதலில் பேசாத வேலை. அன்றே கணக்குப் போட்டு இலக்கை 12,000 உயர்த்தி 5,02,000 என்று எழுதி, மாமாவும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது, ஒரு ராத்திரி மழையில் மூடாமல் விட்ட ஆறு மூட்டை சிமெண்ட் கட்டியாகிப் போனது. 2,100 ரூபாய். "இது என் கவனக்குறைவு, கணக்குல சேக்காதே" என்று மாமாவே சொன்னார்.

மிச்சம் எங்கே வந்தது? எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டுக்கும் அதே வாரம் ரூஃப் போடுகிற மாதிரி மாமா நாள் பேசினார். சென்ட்ரிங் ஷீட்டும் மிக்சர் மிஷினும் ஒரே வாடகையில் இரண்டு வீட்டுக்கும் ஓடின. கம்பியை எப்படி வெட்டினால் துண்டு மிஞ்சாது என்று நான் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். முடிவில் செலவு 4,88,000. மிச்சம் 14,000. மாமாவுக்கு 7,000 சேர்ந்து கூலி 37,000. எங்களுக்கு மொத்தம் 5,25,000. சிமெண்ட் கலவையில் கைவைக்காமல் வந்த மிச்சம் இது. மாமா தன் பங்கில் அந்த நாலு ஆளுக்கும் தலைக்கு 500 கொடுத்தார். அம்மாவும் அதில் ஓர் ஆள். அந்த 500-ஐ அம்மா இன்னும் மாற்றவில்லை.

வெற்றி பெற வேண்டுமானால்

ஒரு சின்ன வீட்டை வைத்துப் பெரிய தீர்ப்புச் சொல்லக்கூடாது. எங்களுக்குள் உறவும் இருந்தது. ஆனால் படித்ததையும் பார்த்ததையும் சேர்த்தால், இந்த முறை நிற்பதற்குச் சில தூண்கள் வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒன்று: இலக்கு நேர்மையாக இருக்க வேண்டும். யார் குறைவாகப் போட்டாரோ அந்தத் தொகையையே இலக்காக வைத்தால், காண்ட்ராக்டர் முதல் நாளே நஷ்டத்தில் நிற்பார். ஊதிப் பெருக்கி வைத்தால் உழைக்காமலே மிச்சத்தில் பங்கு கிடைக்கும். அளவுகளை இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். பாறை வந்தால், ஊற்று வந்தால் எவ்வளவு என்று சந்தேகச் செலவுகளைத் தனியாக எழுத வேண்டும்.

இரண்டு: கணக்கு திறந்திருக்க வேண்டும். எது கணக்கில் சேரும், எது சேராது என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும். கவனக்குறைவால் ஆன செலவு சேராது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்களே, அந்த அளவுக் கணக்கு!

மூன்று: மாறுதலை அன்றன்றே எழுத வேண்டும். என்.இ.சி. ஒப்பந்தத்தில், செலவோ காலமோ கூடும் என்று தெரிந்தவுடனே இரு தரப்பும் ஒருவரையொருவர் எச்சரிக்க வேண்டும் என்பது கட்டாயம். கிணறு தென்பட்ட அன்றே பேசி எழுதியிருந்தால் மாமாவின் கதை வேறாகியிருக்கும்.

நான்கு: நஷ்டத்துக்கு உச்சவரம்பு வேண்டும். கால்வாய்ச் சுரங்கத்திலேயே காண்ட்ராக்டர் தலையில் விழுவதற்கு வரம்பு வைத்திருந்தார்கள். சிறிய காண்ட்ராக்டரை ஒரே வேலையில் மூழ்கடித்தால் அடுத்த வேலைக்கு ஆள் எங்கே?

ஐந்து: தரத்தைத் தின்று மிச்சம் காட்டக்கூடாது. கான்கிரீட் க்யூப் எடுத்து 7 நாளிலும் 28 நாளிலும் சோதிக்க வேண்டும். சோதனையில் தேறாத வேலைக்கு மிச்சப் பங்கு கிடையாது.

ஆறு: இது என் சொந்தக் கருத்து. மிச்சத்தில் தொழிலாளிக்கும் பங்கு எழுதப்பட வேண்டும். மாமா மனமுவந்து கொடுத்தது போலத் தயவில் கிடைக்கக்கூடாது. ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கம்பி வீணாவதும் கலவை சிந்துவதும் அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது?

அரசு வேலைக்கு?

"காண்ட்ராக்டர் பொய் பில் போடுவாரே!" என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். போடலாம். இப்போது போடுவதில்லையா? ஆனால் எல்லா வேலைக்கும் இந்த முறை வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மண் தெரிந்த இடத்தில் ஒரே மாதிரி வகுப்பறை கட்ட லம்ப்சம் போதும். கணக்குப் பிள்ளை வைத்து ரசீது பார்க்கிற செலவு அங்கே வீண். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் என்ன இருக்கிறதென்று தெரியாத வேலைகளுக்கே இது பொருந்தும். மலைச்சாலை, பாலத்து அடித்தளம், பழைய பள்ளிக்கூடத்தைப் பழுது பார்ப்பது போன்றவை.

நம் தலைக்கு மேலே கல்வராயன் மலை இருக்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்களுக்கு மலைச்சாலை என்றால் என்னவென்று தெரியும். ஒரு வளைவில் செம்மண், அடுத்த வளைவில் கரும்பாறை. மலைக் கிராமங்களின் சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகளைப் பற்றி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கே சாலை போடப் போகிறவரிடம் குத்தகை பேசினால், ஒன்று பாறைக்குப் பயந்து விலையைத் தூக்கிப் போடுவார். அல்லது குறைத்துப் போட்டு எடுத்துப் பாதியில் விட்டுப் போவார், இல்லையென்றால் தாரில் கைவைப்பார். மழைக்குப் பிறகு டோலி கட்டி நோயாளியைச் சுமப்பது மலைமக்கள்தான்.

தடை இருக்கிறது. 1998-இல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த விலை கேட்டவரை நோக்கியே போகிறது. ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம் அது; குறை சொல்லவில்லை. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், சில கட்டுமான வேலைகளுக்கு விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தது. இன்னொரு தடை பயம். "மிச்சப்பட்ட பணத்தில் பாதியைக் காண்ட்ராக்டருக்கு ஏன் கொடுத்தாய்?" என்று தணிக்கையில் கேட்டால் எந்தப் பொறியாளர் பதில் சொல்வார்? ஆகவே தனி மனிதரின் துணிச்சலை நம்பாமல் விதியாக எழுத வேண்டும். முதலில் ஒரே ஒரு மலைச்சாலையில் சோதித்துப் பார்க்கலாம். இலக்குத் தொகையையும் மாதச் செலவையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடலாம்.

பங்கு போடுவது நமக்குப் புதிதா என்ன? 1997-இல் தொடங்கிய நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் செலவில் ஒரு பங்கு கொடுத்து வேலை செய்தார்கள். 2017-இல் மீண்டும் வந்த குடிமராமத்தில் பாசன விவசாயிகள் பத்தில் ஒரு பங்கு சுமந்து ஏரியைத் தூர்வாரினார்கள். பங்கு இருக்கிற இடத்தில் கண்ணும் இருக்கும்.

நண்பர்களே! இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் ஏதாவது ஒரு சைட்டில் சூப்பர்வைசராக நிற்போம். ஒப்பந்தத்தை மாற்றுகிற அதிகாரம் நமக்கு உடனே வராது. ஆனால் தோண்டும்போது கிணறு தென்பட்டால் அன்றைக்கே எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குகிற அதிகாரம் நமக்கு உண்டு. மேஸ்திரி ஏன் கலவையைக் குறைக்கிறார் என்று திட்டுவதற்கு முன்னால் அவர் கணக்கை ஒரு தடவை கேட்டுப் பார்க்கிற மனசும் நமக்கு வேண்டும்.

அந்தப் பழைய வீட்டுக்காரருக்கு மாமா போன மாதம் போன் பண்ணினார். "சுவத்துப் பூச்ச நான் வந்து சரி பண்ணித் தர்றேன். கூலி வேணாம், சிமெண்ட் மட்டும் வாங்கி வையுங்க" என்றார். அவர் ஒத்துக்கொண்டார். வருகிற விடுமுறையில் நானும் மாமாவுடன் போகிறேன். நோட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

— மூன்றாமாண்டு மாணவன்,
அமைப்பியல் துறை, வடக்கனந்தல்